கிளம்பினேனா... கிளம்பிவிட்டேனா?

இங்கிலீஷ் கிராமர் என்றாலே காத தூரம் ஓடுகிற ஆளா நீங்கள்? அப்படியானால், கிராமர் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, நிஜமாகவே ஊரை விட்டே போய்விட்ட ஒரு பையனைப் பற்றி முதலில் தெரிந்துகொள்ளுங்கள் குட்டீஸ்!

1896ம் ஆண்டு, ஆகஸ்ட் 29. சனிக்கிழமை. மதுரையில் ஒரு வீட்டு மாடியில் 16 வயதுப் பையன் ஒருவன் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தான். பெயர் வேங்கடராமன். அமெரிக்கன் மிஷன் பள்ளி மாணவன். இங்கிலீஷ் கிராமர் பாடத்தைச் சரியாகப் படிக்காமல் போனதால், அதை மூன்று முறை எழுதி வரும்படி ஆசிரியர் சொல்லியிருந்தார். அலெக்சாண்டர் பெயின் என்ற ஸ்காட்லாந்து அறிஞர் எழுதிய கிராமர் புத்தகம் அது. அந்தக் காலத்தில் நம் ஊர்ப் பள்ளிகளில் அதைத்தான் படித்தார்கள்.

இரண்டு முறை எழுதி முடித்தாயிற்று. மூன்றாவது முறை எழுதும்போது, 'இதை எதற்காக எழுதுகிறோம்?' என்று தோன்றியது. நோட்டைத் தள்ளி வைத்துவிட்டுக் கண்ணை மூடி உட்கார்ந்துவிட்டான். பார்த்துக்கொண்டிருந்த அண்ணன் நாகசாமி, 'இப்படி இருப்பவனுக்குப் படிப்பெல்லாம் எதற்கு?' என்கிற மாதிரி ஒரு வார்த்தை சொன்னார். தம்பிக்கு அது சுருக்கென்று தைத்தது. 'உண்மைதானே!' என்றும் பட்டது.

"ஸ்பெஷல் கிளாஸ் இருக்கிறது" என்று சொல்லி எழுந்தான். அண்ணன், "பெட்டியில் ஐந்து ரூபாய் இருக்கிறது. எடுத்துப்போய் என் காலேஜ் சம்பளத்தைக் கட்டிவிடு" என்றார். தம்பி அதில் மூன்று ரூபாயை மட்டும் எடுத்துக்கொண்டான். மீதி இரண்டு ரூபாயோடு ஒரு கடிதத்தை எழுதி வைத்துவிட்டு ரயில் நிலையத்துக்கு நடந்தான்.

அந்தப் பையன் போய்ச் சேர்ந்த ஊர், திருவண்ணாமலை. அவர்தான் பின்னாளில் உலகமே அறிந்த ரமண மகரிஷி. (இதைப் படித்துவிட்டு, கிராமர் வீட்டுப்பாடம் கொடுத்த அன்றைக்கு யாரும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள்!)

சரி, இந்தக் கதை இப்போது எதற்கு? பாதியில் நின்றுபோன அந்த கிராமர் நோட்டைவிட, அவர் எழுதி வைத்துவிட்டுப் போன சின்னக் கடிதத்தில் நமக்கு நல்ல கிராமர் பாடம் ஒன்று இருக்கிறது. நம் பிள்ளைகள் இங்கிலீஷில் அதிகமாகத் தடுக்கி விழுகிற இடம் அது. 'சிம்பிள் பாஸ்ட்' போடுவதா, 'பிரசென்ட் பெர்ஃபெக்ட்' போடுவதா? அதாவது, 'ஐ லெஃப்ட்' என்பதா, 'ஐ ஹேவ் லெஃப்ட்' என்பதா?

மேஜை மேல் ஒரு கடிதம்

தமிழில் எழுதப்பட்ட அந்தக் கடிதம் நாலைந்து வரிதான். 'நான்' என்று தொடங்கி, அடுத்த வாக்கியத்திலேயே தன்னை 'இது' என்று சொல்லிக்கொள்கிறார். கடைசியில் கையெழுத்தும் இல்லை. ஆனால் நாம் பார்க்க வேண்டியது அதில் உள்ள வினைச் சொற்களை.

அதில் மூன்று செய்திகள் இருக்கின்றன. ஒன்று, தன் தந்தையைத் தேடி வீட்டை விட்டுக் கிளம்பிவிட்ட செய்தி. (பெற்ற தந்தை 1892லேயே காலமாகிவிட்டார். இங்கே தந்தை என்று அவர் சொல்வது அருணாசலேஸ்வரரை.) இரண்டு, இறங்கியிருப்பது நல்ல காரியத்தில்தான் என்ற ஆறுதல். மூன்று, அண்ணனின் காலேஜ் சம்பளம் இன்னும் கட்டப்படவில்லை என்ற தகவல்.

கிளம்பிவிட்டது. இறங்கியிருப்பது. இன்னும் கட்டாதது. இந்த மூன்றையும் இங்கிலீஷில் சொல்லிப் பாருங்கள்.

'ஐ ஹேவ் லெஃப்ட் ஹோம்.'

'ஐ ஹேவ் ஸ்டார்ட்டட் சம்திங் குட்.'

'ஐ ஹேவ் நாட் பெய்ட் யுவர் ஃபீஸ் யெட்.'

மூன்றிலும் 'ஹேவ்' வந்துவிட்டது. ஏன்? அண்ணன் கடிதத்தைப் பிரித்துப் படிக்கிற நேரத்தைக் கற்பனை செய்யுங்கள். தம்பி கிளம்பியது முடிந்துபோன செயல்தான். ஆனால் அதன் விளைவு அண்ணன் கண் முன்னால் நிற்கிறது. வீட்டில் தம்பி இல்லை! சம்பளம் கட்டாததும் அப்படித்தான். இரண்டு ரூபாய் அங்கேயே கிடக்கிறது. இனி யாராவது போய்க் கட்டியாக வேண்டும்.

செயல் முடிந்துவிட்டது, ஆனால் அதன் பலன் இப்போது இருக்கிறது. அதுதான் பிரசென்ட் பெர்ஃபெக்ட். 'பிரசென்ட்' என்றால் நிகழ்காலம் அல்லவா? நடந்து முடிந்ததைச் சொல்வதற்கு எதற்கு நிகழ்காலப் பெயர் என்று எப்போதாவது யோசித்திருப்பீர்கள். காரணம் இதுதான். இந்த டென்ஸ் நேற்றைப் பற்றிப் பேசுவதுபோல் பேசி, இன்றைக்கு என்ன நிலைமை என்பதைச் சொல்கிறது.

கையா... காலண்டரா?

இப்போது அதே செய்தியை நாம் சொல்வோம். நூறு வருடத்துக்கு மேல் கழித்து, உங்கள் பள்ளி ஆண்டு விழாவில் ரமணரைப் பற்றி இங்கிலீஷில் பேசுகிறீர்கள். 'ஹி ஹேஸ் லெஃப்ட் மதுரை இன் 1896' என்று சொல்லலாமா?

கூடாது. 'ஹி லெஃப்ட் மதுரை இன் 1896' என்பதே சரி.

செயல் ஒன்றுதான். கிளம்பியவரும் ஒருவர்தான். ஆனால் கடிதத்தில் 'ஹேவ் லெஃப்ட்', மேடையில் 'லெஃப்ட்'. கடிதம் எழுதியபோது அது சுடச்சுடச் செய்தி. நாம் சொல்லும்போது அது 1896 என்ற ஆணியில் மாட்டிய பழைய காலண்டர்.

இதை நினைவில் வைத்துக்கொள்ள ஒரு சுலப வழி. 'ஹேவ்' என்றால் 'வைத்திருக்கிறேன்' என்று பொருள் தெரியும்தானே? 'ஐ ஹேவ் எ பென்' என்றால் என்னிடம் பேனா இருக்கிறது. அதனால் இப்படிக் கேட்டுக்கொள்ளுங்கள்: 'நான் சொல்லும் செய்தி இப்போது என் கையில் இருக்கிறதா? அல்லது காலண்டரில் இருக்கிறதா?'

கையில் இருந்தால் 'ஹேவ்' அல்லது 'ஹேஸ்' போடுங்கள்.

காலண்டரில் இருந்தால், அதாவது நேற்று, போன வாரம், 1896, மூன்று நாள் முன்பு என்று முடிந்துபோன நேரத்தோடு சேர்த்துச் சொன்னால், சிம்பிள் பாஸ்ட் போடுங்கள். கதை சொல்லும்போதும் அப்படித்தான். ஒவ்வொரு வரியிலும் தேதி இல்லாவிட்டாலும், 'அன்றைக்கு நடந்தது' என்ற எண்ணத்தோடுதானே சொல்கிறோம்?

மீதிக் கதையைக் கேளுங்கள், புரியும். வேங்கடராமன் பார்த்தது ஒரு பழைய வரைபடப் புத்தகம். அதில் திருவண்ணாமலைக்கு ரயில் பாதையே இல்லை. பக்கத்தில் இருப்பது திண்டிவனம் என்று நினைத்து, 2 ரூபாய் 13 அணா கொடுத்து அந்த ஊருக்கு டிக்கெட் வாங்கினார். கையில் மிச்சம் 3 அணா. ரயிலில் உட்கார்ந்திருந்த மவுல்வி ஒருவர்தான், 'திருவண்ணாமலைக்கே ரயில் போகிறது. விழுப்புரத்தில் மாற வேண்டும்' என்ற விவரத்தைச் சொன்னார். விழுப்புரத்தில் இறங்கி, கொஞ்ச தூரம் ரயிலிலும் கொஞ்ச தூரம் நடந்தும் போய், வழியில் காதுக் கடுக்கனை அடகு வைத்து, செப்டம்பர் 1 காலையில் திருவண்ணாமலை வந்து சேர்ந்தார்.

பார்த்தார், வாங்கினார், இறங்கினார், வந்து சேர்ந்தார். கதை முழுக்க 'ஸா', 'பாட்', 'காட் டவுன்', 'ரீச்ட்' என்று சிம்பிள் பாஸ்ட்தான். அந்த மவுல்வி சொன்ன செய்தியை மட்டும் பாருங்கள். 'தம்பி, அங்கே ரயில் பாதை போட்டுவிட்டார்கள்' என்று அவர் இங்கிலீஷில் சொல்லியிருந்தால், 'தே ஹேவ் லெய்ட் எ ரயில்வே லைன்' என்றுதான் சொல்லியிருப்பார். பாதை என்றைக்குப் போட்டார்கள் என்பது அந்தப் பையனுக்கு முக்கியமா? இல்லை. இப்போது பாதை இருக்கிறது, போகலாம். அதுதான் முக்கியம்!

ஒரு 'ஹேஸ்' செய்யும் கலாட்டா

'ஒரு ஹேவ் கூடினால் என்ன, குறைந்தால் என்ன?' என்று கேட்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.

ரமணர் 1896 முதல், 1950 ஏப்ரல் 14 அன்று மறையும்வரை திருவண்ணாமலையிலேயே இருந்தார். 53 வருடங்களுக்கும் மேல். இதை 'ஹி லிவ்ட் இன் திருவண்ணாமலை ஃபார் 53 இயர்ஸ்' என்று சொல்ல வேண்டும். தப்பித் தவறி, 'ஹி ஹேஸ் லிவ்ட் இன் திருவண்ணாமலை ஃபார் 53 இயர்ஸ்' என்று சொல்லிவிட்டால்? கேட்கும் வெளிநாட்டுக்காரர், 'அடடே, இப்போதும் இருக்கிறாரா? போய்ப் பார்க்கலாமே!' என்று கிளம்பிவிடுவார். 'ஹேஸ் லிவ்ட்' என்றால், அன்று தொடங்கி இன்று வரை வாழ்ந்துகொண்டிருக்கிறார் என்று அர்த்தம்.

ஆட்களுக்கு மட்டுமல்ல, கட்டடங்களுக்கும் இது பொருந்தும். அண்ணாமலையார் கோவிலின் கிழக்கு ராஜகோபுரம் 11 நிலை, 217 அடி உயரம். விஜயநகரப் பேரரசர் கிருஷ்ணதேவராயர் கட்டத் தொடங்கினார். தஞ்சையை ஆண்ட செவ்வப்ப நாயக்கர் கட்டி முடித்தார். கட்டிய ராஜாக்கள் காலண்டரில். அதனால் 'தே பில்ட் தி டவர்' என்று, கட்டினார்கள் என்ற பொருளில் சிம்பிள் பாஸ்ட். கோபுரமோ இன்றும் நம் கண் முன்னால் நிற்கிறது. அதனால் 'இட் ஹேஸ் ஸ்டுட் ஃபார் ஓவர் 400 இயர்ஸ்'. ஒரே கோபுரம்தான். கட்டியதற்கு ஒரு டென்ஸ், நிற்பதற்கு ஒரு டென்ஸ்!

தீபத்தைப் பார்த்தால் டென்ஸ் புரியும்

கார்த்திகை தீபம் அன்று திருவண்ணாமலைக்குப் போயிருக்கிறீர்களா? மாலை நேரம். ஊர் முழுக்கக் கூட்டம். மொட்டை மாடி, தெரு, குளக்கரை என்று எங்கே பார்த்தாலும் தலைகள். எல்லாக் கண்களும் 2,668 அடி உயர மலை உச்சியில்தான். ஆறு மணிக்கு மகாதீபம் ஏற்றுவார்கள். அந்தக் கூட்டத்தில் நீங்களும் நிற்கிறீர்கள். பக்கத்தில் இங்கிலீஷ் பேசுகிற ஒரு பயணி.

மணி 5:55. அவர் கேட்கிறார்: 'ஹேவ் தே லிட் தி லேம்ப்?' ஏற்றிவிட்டார்களா? நீங்கள் சொல்ல வேண்டியது: 'நோ, தே ஹேவன்ட் லிட் இட் யெட்.' இன்னும் இல்லை.

மணி 6. உச்சியில் சுடர்! 'அண்ணாமலையாருக்கு அரோகரா' என்று ஊரே அதிர்கிறது. இப்போது: 'தே ஹேவ் ஜஸ்ட் லிட் இட்!' இதோ, இப்போதுதான் ஏற்றினார்கள். சுடர் கண் முன்னால் எரிகிறது. செய்தி கையில் இருக்கிறது.

மறுநாள் காலை. ஊரிலிருந்து மாமா போனில் கேட்கிறார், தீபம் எப்போது ஏற்றினார்கள் என்று. 'தே லிட் இட் அட் சிக்ஸ் யெஸ்டர்டே.' நேற்று ஆறு மணிக்கு. நேரம் வந்துவிட்டது, காலண்டருக்குப் போய்விட்டது. 'ஹேவ்' மறைந்துவிட்டது.

கதை இன்னும் முடியவில்லை. மகாதீபம் தொடர்ந்து 11 நாள் எரியும். ஐந்தாம் நாள் மலையைப் பார்த்துச் சொல்கிறீர்கள்: 'இட் ஹேஸ் பர்ன்ட் ஃபார் ஃபைவ் டேஸ்.' ஐந்து நாளாக எரிகிறது. இன்னும் அணையவில்லை. அடுத்த மாதம் பள்ளியில் கட்டுரை எழுதும்போது: 'இட் பர்ன்ட் ஃபார் இலெவன் டேஸ்.' பதினோரு நாள் எரிந்தது. முடிந்துவிட்டது.

தீபம் ஒன்று. நீங்கள் எப்போது, எங்கே நின்று சொல்கிறீர்கள் என்பதைப் பொறுத்து டென்ஸ் மாறுகிறது. 'ஃபார்' வந்தாலே 'ஹேவ்' என்று சிலர் மனப்பாடம் செய்துவைத்திருப்பார்கள். அது சரியில்லை என்பதற்கும் இந்தத் தீபமே சாட்சி. 'ஃபார்' இரண்டோடும் வரும். எரிகிறதா, அணைந்துவிட்டதா என்பதுதான் கேள்வி.

தமிழ் தெரிந்தால் பாதிக் கிணறு தாண்டியாச்சு!

நம் இலக்கணத்தில் இறந்தகாலம், நிகழ்காலம், எதிர்காலம் என்று காலம் மூன்றுதான். தொல்காப்பியம் முதல் அப்படித்தான். ஆனால் 'ஹேவ்' செய்யும் வேலையை நாமும் தினமும் செய்துகொண்டுதான் இருக்கிறோம். துணைவினை என்று தமிழ் வகுப்பில் படித்திருப்பீர்களே, அதை வைத்து!

பார்த்தேன். இது சிம்பிள் பாஸ்ட். 'ஐ ஸா.'

பார்த்திருக்கிறேன். 'இரு' என்ற துணைவினை சேர்ந்துவிட்டது. 'ஐ ஹேவ் ஸீன்.'

முடித்துவிட்டேன். 'விடு' சேர்ந்துவிட்டது. பெரும்பாலும் 'ஐ ஹேவ் ஃபினிஷ்ட்.'

'சாப்பிட்டாச்சா?' என்று பாட்டி கேட்பதுகூட 'ஹேவ் யூ ஈட்டன்?' தான். எத்தனை மணிக்குச் சாப்பிட்டீர்கள் என்று பாட்டி கேட்கவில்லை. இப்போது வயிறு நிறைந்திருக்கிறதா என்று கேட்கிறார்!

எனவே, 'இருக்கிறேன், இருக்கிறார், விட்டேன், ஆச்சு' என்று முடிந்தால் 'ஹேவ், ஹேஸ்' பக்கம் போகலாம். பாதிக் கிணறு தாண்டியாச்சு. மீதிப் பாதியில் மூன்று பள்ளங்கள் இருக்கின்றன. அவற்றில்தான் நாம் விழுகிறோம்.

முதல் பள்ளம்: நேற்று வந்திருக்கிறார்

'மாமா நேற்றே ஊருக்கு வந்திருக்கிறார், நமக்குச் சொல்லவே இல்லை!' தமிழில் இப்படிப் பேசுவோம். தப்பே இல்லை. அதை அப்படியே 'அங்கிள் ஹேஸ் கம் யெஸ்டர்டே' என்று மாற்றினால் இங்கிலீஷ் ஏற்காது. நேற்று என்பது காலண்டர்; 'ஹேஸ்' என்பது கை. இரண்டும் ஒரே வாக்கியத்தில் ஒட்டாது. 'அங்கிள் கேம் யெஸ்டர்டே' என்று சொல்லுங்கள். அல்லது, நேற்றை விட்டுவிட்டு 'அங்கிள் ஹேஸ் கம்' என்று சொல்லுங்கள்.

இரண்டாம் பள்ளம்: போயிருக்கிறார்

'அப்பா திருவண்ணாமலைக்குப் போயிருக்கிறார்.' இதற்கு என்ன அர்த்தம்? இரண்டு அர்த்தம் உண்டு. அப்பா இப்போது அங்கே இருக்கிறார், வீட்டில் இல்லை என்பது ஒன்று. அந்த ஊருக்கு முன்பு எப்போதோ போய் வந்த அனுபவம் அவருக்கு உண்டு என்பது இன்னொன்று. தமிழில் இடம் பார்த்துப் புரிந்துகொள்வோம். இங்கிலீஷில் இரண்டுக்கும் தனித்தனிச் சொல். போனவர் திரும்பவில்லை என்றால் 'ஹேஸ் கான்'. போய்த் திரும்பியவர் என்றால் 'ஹேஸ் பீன்'.

வீட்டு வாசலில் வந்து அப்பாவைக் கேட்பவரிடம் 'ஹி ஹேஸ் பீன் டு திருவண்ணாமலை' என்று சொன்னால், 'நல்லது, இப்போது கூப்பிடு!' என்று உள்ளே வந்து உட்கார்ந்துவிடுவார். ஜாக்கிரதை!

மூன்றாம் பள்ளம்: ஐந்து வருடமாக இருக்கிறோம்

'நாங்கள் இந்தத் தெருவில் ஐந்து வருடமாக இருக்கிறோம்.' 'இருக்கிறோம்' என்பது நிகழ்காலம். அதனால் 'வி ஆர் லிவிங் ஹியர் சின்ஸ் ஃபைவ் இயர்ஸ்' என்று பலர் எழுதுகிறார்கள். இரண்டு இடத்தில் தப்பு. அன்று தொடங்கி இன்று வரை நீண்டிருக்கும் விஷயத்துக்கு 'ஹேவ்' வேண்டும். 'ஃபைவ் இயர்ஸ்' என்ற அளவுக்கு 'ஃபார்' வேண்டும். 'வி ஹேவ் லிவ்ட் ஹியர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்' என்பது சரி.

'சின்ஸ்' எப்போது வரும்? தொடங்கிய புள்ளியைச் சொல்லும்போது. திருவண்ணாமலை 1989ல் வட ஆற்காட்டிலிருந்து பிரிந்து தனி மாவட்டம் ஆனது. 'இட் பிகேம் எ டிஸ்ட்ரிக்ட் இன் 1989.' ஆனது ஒரு நாள், காலண்டர். 'இட் ஹேஸ் பீன் எ டிஸ்ட்ரிக்ட் சின்ஸ் 1989.' அன்று முதல் இன்று வரை மாவட்டமாகவே இருக்கிறது, கை.

முதலில் 'ஹேவ்', அப்புறம் 'டிட்'

திருவண்ணாமலைத் தெருக்களில் வெளிநாட்டினரைச் சாதாரணமாகப் பார்க்கலாம். பால் பிரண்டன் என்ற இங்கிலாந்து எழுத்தாளர், ரமணரைச் சந்தித்த அனுபவத்தை 1934ல் வெளியான தன் புத்தகத்தில் எழுதினார். அதைப் படித்துவிட்டு வந்தவர்கள் நிறைய. இன்றும் பல நாட்டுக்காரர்கள் வருகிறார்கள். அப்படி ஒருவர் உங்களிடம் பேசினால், பேச்சு எப்படிப் போகும்?

'ஹேவ் யூ எவர் டன் கிரிவலம்?' மலையை 14 கிலோமீட்டர் சுற்றி வருகிறார்களே, அந்தக் கிரிவலம். எப்போதாவது போனதுண்டா என்கிறார். தேதி கேட்கவில்லை, அனுபவம் உண்டா, இல்லையா என்றுதான் கேள்வி.

'யெஸ், ஐ ஹேவ்.'

'வென் டிட் யூ டூ இட்?' பார்த்தீர்களா? 'எப்போது' என்று காலண்டரைத் தொட்டதும் 'ஹேவ்' போய், 'டிட்' வந்துவிட்டது. 'வென் ஹேவ் யூ டன் இட்?' என்று அவர் கேட்கவே மாட்டார்.

'ஐ டிட் இட் லாஸ்ட் மந்த். ஐ வாக்ட் வித் மை கிராண்ட்ஃபாதர்.' இனி நடந்த கதை எல்லாம் சிம்பிள் பாஸ்ட்தான்.

இது பேச்சில் அடிக்கடி வரும் வரிசை. 'ஹேவ்' கதவைத் திறக்கும். உள்ளே நுழைந்ததும் சிம்பிள் பாஸ்ட் கதை சொல்லும். இங்கிலீஷ் செய்தித்தாளிலும் இதைப் பார்க்கலாம். புதுச் செய்தியை முதல் வரியில் 'ஹேஸ்' போட்டு அறிவித்துவிட்டு, எங்கே, எத்தனை மணிக்கு, எப்படி என்ற விவரங்களைச் சிம்பிள் பாஸ்ட்டில் எழுதுவார்கள். அடுத்த முறை செய்தித்தாள் படிக்கும்போது பென்சிலால் கோடு போட்டுப் பாருங்கள்.

அடையாளச் சொற்கள் - வெட்டி ஒட்டிக்கொள்ளுங்கள்!

காலண்டர் பக்கம் (சிம்பிள் பாஸ்ட்): யெஸ்டர்டே, லாஸ்ட் வீக், லாஸ்ட் இயர், டூ டேஸ் அகோ, இன் 1896, வென்?

கை பக்கம் (பிரசென்ட் பெர்ஃபெக்ட்): ஜஸ்ட், ஆல்ரெடி, யெட், எவர், நெவர், ஸோ ஃபார், சின்ஸ்.

இரண்டு பக்கமும் போகும் சொற்கள்: ஃபார், டுடே, திஸ் மார்னிங்.

'திஸ் மார்னிங்' எப்படி இரண்டு பக்கமும் போகும்? காலை பத்து மணிக்கு, 'ஐ ஹேவ் ட்ரங்க் டூ கப்ஸ் ஆஃப் மில்க் திஸ் மார்னிங்' என்று சொல்லலாம். காலை இன்னும் முடியவில்லை. மூன்றாவது டம்ளரும் குடிக்கலாம். மாலை நான்கு மணிக்கு, 'ஐ ட்ரேங்க் டூ கப்ஸ் ஆஃப் மில்க் திஸ் மார்னிங்.' காலை போயே போச்சு, காலண்டருக்குப் போய்விட்டது!

அமெரிக்காவில் வேறு மாதிரி!

'டிட் யூ ஈட் யெட்?' என்று ஓர் அமெரிக்கர் கேட்டால், 'தப்பு, தப்பு!' என்று சிரிக்காதீர்கள். 'ஜஸ்ட், ஆல்ரெடி, யெட்' ஆகிய சொற்களோடு சிம்பிள் பாஸ்ட் போட்டுப் பேசுவது அமெரிக்காவில் சகஜம். இங்கிலாந்தில் 'ஹேவ் யூ ஈட்டன் யெட்?' என்பார்கள். நம் பள்ளிகளில் பெரும்பாலும் இங்கிலாந்து வழக்கத்தையே சொல்லித் தருகிறார்கள். எனவே பரீட்சைக்கு அதையே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் 'ஹேவ் ஸீன் யெஸ்டர்டே' என்பது இரண்டு நாட்டிலும் தப்புதான்!

நீங்களே செய்து பாருங்கள்

கோடிட்ட இடத்தில் எது வரும்? விடையைப் பார்க்காமல், 'கையா, காலண்டரா?' என்று கேட்டுக்கொண்டே எழுதுங்கள்.

1. ரமணர் _____ டு திருவண்ணாமலை இன் 1896. (கேம் / ஹேஸ் கம்)

2. ஐ _____ மை பென். கேன் யூ லெண்ட் மீ ஒன்? (லாஸ்ட் / ஹேவ் லாஸ்ட்)

3. மை சிஸ்டர் _____ டு சென்னை. ஷி வில் கம் பேக் டுமாரோ. (ஹேஸ் பீன் / ஹேஸ் கான்)

4. வி _____ இன் திஸ் ஸ்ட்ரீட் சின்ஸ் 2019. (ஆர் லிவிங் / ஹேவ் லிவ்ட்)

5. வென் _____ தி ராஜகோபுரம்? (டிட் யூ ஸீ / ஹேவ் யூ ஸீன்)

6. திருவண்ணாமலை _____ எ கார்ப்பரேஷன் இன் 2024. (பிகேம் / ஹேஸ் பிகம்)

விடைகள்:

1. கேம். ஆண்டு சொல்லியாகிவிட்டது.

2. ஹேவ் லாஸ்ட். பேனா இப்போது இல்லை. அதனால்தான் கடன் கேட்கிறோம்.

3. ஹேஸ் கான். அக்கா இன்னும் திரும்பவில்லை.

4. ஹேவ் லிவ்ட். 2019ல் தொடங்கி இன்று வரை.

5. டிட் யூ ஸீ. 'வென்' வந்தாலே காலண்டர்.

6. பிகேம். நகராட்சி, மாநகராட்சியாக மாறியது 2024ல்.

ஆறும் சரியா? சபாஷ்! நான்கு, ஐந்து சரி என்றாலும் கவலை இல்லை. தப்பான வரிக்குப் பக்கத்தில் 'கை' அல்லது 'காலண்டர்' என்று எழுதி வைத்துவிட்டு, நாளை ஒரு முறை போட்டுப் பாருங்கள். மூன்று முறை எல்லாம் எழுத வேண்டாம்!